கிணற்றுக் கயிறு போல இழுக்கும் பெட்டி: வீட்டிலேயே ஒரு ஹப்டிக் கருவி செய்வது எப்படி

போன வருடம் கனடாவிலிருந்து வந்த அக்காவின் மகள் எங்கள் கொக்குவில் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில தண்ணி அள்ளினா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். அள்ளிக் காட்டலாம் என்றால் கப்பியைக் கழற்றி, மேலே கம்பி வலை போட்டு, தண்ணீர் மோட்டர் பூட்டிப் பத்து வருடமாகிவிட்டது. வாயால் சொல்லிப் பார்த்தேன், பிள்ளை தலையாட்டியதே தவிர ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சரி, கிணறு இல்லாமல் கிணற்றுக் கயிறு மட்டும் செய்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று மாதம், எரிந்த மோட்டர் ஒன்று, பிறகுதான் ஒழுங்காக வேலை செய்தது. நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹப்டிக் என்றால் தொடுகையையும் விசையையும் இயந்திரத்தால் போலியாகத் தருவது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தோலுக்கு: போன் அதிர்வது அந்த வகை. ஏறத்தாழ 250 ஹேர்ட்ஸ் மீடிறனில் விரலுக்குக் கூர்மை அதிகம், போனில் இருக்கும் சின்ன அதிர்வு மோட்டர்கள் அதற்குக் கொஞ்சம் கீழே, 200 சொச்சத்தில்தான் வேலை செய்கின்றன. மற்றது தசைக்கும் மூட்டுக்கும்: கையை நிஜமாகவே இழுப்பது, தடுப்பது. 2020 இல் வந்த பிளேஸ்டேஷன் 5 கைப்பிடியில் விசையழுத்தி இறுகிக்கொள்வது இந்த இரண்டாவது வகை. நாங்கள் செய்யப்போவதும் இதுதான். ஒரு பெட்டி, அதிலிருந்து வெளியே வரும் ஒரு நூல், அந்த நூலை நீங்கள் இழுக்க இழுக்க, வாளி தண்ணீருக்குள் இருப்பது, வெளியே வருவது, கப்பியில் முட்டுவது எல்லாம் கைக்குத் தெரிய வேண்டும்.

ஏன் நூல்? நூல் இழுக்க மட்டும்தான் செய்யும், தள்ளாது. கிணற்றுக் கயிறும் அப்படித்தான். அதனால் மோட்டரை ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் போதும், பாதி வேலை குறைந்தது. ஜப்பானில் ஸ்பைடார் என்று நூல்களாலேயே ஒரு ஹப்டிக் கருவியை டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் செய்து பல வருடங்களாகிவிட்டது, ஆகவே இது என்னுடைய கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எதையும் வாங்க முதல் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். பழைய விளையாட்டுக் காரிலோ பிறின்டரிலோ இருந்து ஒரு டி.சி. மோட்டரைக் கழற்றி எடுத்து, அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். பிறகு அதன் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். பாகுக்குள் கரண்டி விட்டுக் கிண்டுவது போல இருக்கும், கெதியாகச் சுற்றினால் இன்னும் இறுகும். பற்றரி இல்லை, புரோகிராம் இல்லை. நீங்கள் சுற்றும்போது மோட்டர் ஜெனரேட்டராகி மின்னோட்டம் பிறக்கிறது, அந்த மின்னோட்டம் உங்களையே எதிர்க்கிறது. மோட்டர் என்பது சுற்றுவதற்கான சாமான் மட்டுமல்ல, கையோடு மல்லுக்கட்டும் சாமானும்தான் என்பது அந்த நிமிடத்தில் விளங்கிவிடும். எனக்கு அப்படித்தான் விளங்கியது.

சாமான்கள்

மோட்டர்தான் முக்கியம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கியர் பூட்டிய மோட்டர் வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடப் பெடியள் ரோபோ காருக்குப் போடும் அந்த மஞ்சள் மோட்டர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் அச்சைக் கையால் சுற்றினால் பல்லுப் பல்லாக உராயும், அந்த உராய்வுக்குள் உங்கள் வாளி, தண்ணீர் எல்லாம் மறைந்துபோகும். கார் வைப்பர் மோட்டர் அதைவிட மோசம், வெளியிலிருந்து சுற்றவே முடியாது. தேவைப்படுவது கியர் இல்லாத, விரலால் தட்டினால் இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கும் மோட்டர். பழைய இங்க்ஜெட் பிறின்டரில் மைத்தலையை அங்குமிங்கும் இழுக்கும் மோட்டர் அநேகமாக அப்படிப்பட்டது. சுற்றும்போது "கட கட" என்று ஒரே இடைவெளியில் நின்று நின்று போனால், வயரும் நாலு அல்லது அதற்கு மேல் வந்தால், அது ஸ்டெப்பர் மோட்டர், திரும்ப வைத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் பழுதான பிறின்டருக்குப் பஞ்சமில்லை, கொம்பியூட்டர் திருத்தும் கடை எதிலும் பின்பக்கம் ஒரு குவியல் கிடக்கும். நான் ஸ்டான்லி வீதிப் பக்கம் ஒரு கடையில் மூன்று பிறின்டரைச் சும்மா கேட்ட மாதிரிக் கேட்டு வாங்கினேன், கடைக்கார அண்ணை இடம் காலியானால் போதும் என்று தந்துவிட்டார்.

மற்றவை: புரோகிராமை ஏற்றி ஓட்டும் சின்னப் பலகையான ஆர்டுயினோ ஊனோ ஒன்று, அது சொல்லும்படி மோட்டருக்கு மின்னோட்டம் கொடுக்கும் எல்298என் மோட்டர் ட்ரைவர் பலகை ஒன்று, அச்சு எவ்வளவு சுற்றியது என்று பார்க்கும் ஏ.எஸ். 5600 என்ற காந்தச் சென்சர் ஒன்று, பழைய கொம்பியூட்டரின் 12 வோல்ட் பவர் சப்ளை. சென்சர் இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து கூரியரில் எடுக்கலாம். விலைகளை எழுதவில்லை, நீங்கள் வாசிக்கும் நேரம் அது மாறியிருக்கும். தையல் நூல் சுற்றிவரும் பிளாஸ்டிக் நூல்கட்டை ஒன்றை அம்மாவின் தையல் பெட்டிக்குள் எடுக்கலாம், சொல்லிவிட்டு எடுங்கள். நூலுக்குப் பின்னல் தூண்டில் நூல் நல்லது. சாதாரண நைலோன் தங்கூசி ரப்பர் போல இழுபடும், மோட்டர் தரும் சின்னச் சின்ன மாற்றங்களை அதுவே விழுங்கிவிடும்.

பெட்டியைப் பொருத்துவது

மோட்டரைப் பலகையில் அசையாமல் இறுக்குங்கள். நூல்கட்டையை அச்சில் சரியாக நடுவில் ஒட்டுங்கள், கொஞ்சம் விலகினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளாட்டம் கையில் தெரியும். நூல்கட்டையின் ஆரை ஒரு சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். ஆரை சிறிதானால் இழுவை கூடும், பெரிதானால் குறையும். உதாரணத்துக்கு, மோட்டரின் முறுக்கம் 0.05 நியூட்டன் மீற்றர் என்று வையுங்கள், ஒரு சென்ரிமீற்றர் ஆரையில் அது 5 நியூட்டன், அதாவது அரைக் கிலோ சாமானைத் தொங்கவிட்ட பாரம். அரைக் கிலோவை வைத்துக்கொண்டு ஒரு வாளி தண்ணீரைக் காட்டப்போகிறானாம் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. பொறுங்கள், வருகிறேன்.

நூல்கட்டையின் வெளிமுகத்தில், நட்ட நடுவில், சென்சரோடு வரும் சின்ன வட்டக் காந்தத்தை ஒட்டி, அதற்கு எதிரே இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் சென்சரை நிறுத்துங்கள். பிரிஜ் கதவில் ஒட்டும் காந்தம் சரிவராது. வட்டத்தின் ஒரு பாதி வடக்கு, மறு பாதி தெற்காக இருக்கும் காந்தம்தான் வேண்டும். ஒரு சுற்றை இந்தச் சென்சர் 4096 பங்காகப் பிரிக்கும். ஒரு சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு சுற்றுக்கு 6.28 சென்ரிமீற்றர் நூல் என்பதால், ஒரு பங்கு 0.015 மில்லிமீற்றர். போதும், தாராளம்.

நூல் பெட்டியை விட்டு வெளியே வரும் ஓட்டையில் ஒரு பழைய பேனையின் உலோக முனைக் குழாயைச் செருகினேன், உராய்வு நன்றாகக் குறைந்தது. நுனியில் கைப்பிடிக்கு ஒரு மரத்துண்டு, கைப்பிடிக்குச் சற்று உள்ளே ஒரு பெரிய மணி கோத்து முடிச்சு. அந்த மணி இல்லாவிட்டால் கை நழுவும்போது நூல் முழுவதும் உள்ளே போய்ச் சிக்கிவிடும்.

வயர் இணைப்பில் இரண்டு மூன்று இடம்தான் ஆட்களை விழுத்தும். ட்ரைவர் பலகையில் வேகத்துக்கான முள்ளின் (வயரைச் செருகும் இணைப்பின்) மேல் ஒரு சின்ன மூடி போட்டு வரும், அதைக் கழற்றிவிட்டு ஆர்டுயினோவின் 9ஆம் முள்ளோடு இணையுங்கள், கழற்றாவிட்டால் மோட்டர் எப்போதும் முழு வேகத்தில் இழுக்கும். பவர் சப்ளையின் நெகடிவையும் ஆர்டுயினோவின் நெகடிவையும் கட்டாயம் ஒன்றாக்குங்கள். சென்சரின் இரண்டு தகவல் வயர்களும் ஏ4, ஏ5 முட்களுக்கு, அதன் திசை முள்ளை அந்தரத்தில் விடாமல் நெகடிவோடு சேருங்கள். மோட்டரை நேராக ஆர்டுயினோ முள்ளில் கொடுக்கவே கூடாது. ஒரு முள் 20 மில்லியம்பியர் அளவில்தான் சௌகரியமாகத் தரும், மோட்டர் கேட்பது அம்பியர் கணக்கு.

முதலில் நிஜக் கிணற்றுக்குப் போங்கள்

எல்லோரும் இந்த இடத்தில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள், நானும் அப்படித்தான் செய்து ஒரு மாதத்தை வீணாக்கினேன். என் ஞாபகத்தில் வாளி தண்ணீரை விட்டு வெளியே வரும்போது "டக்" என்று பாரமாகும். அதனால் நூல் 40 சென்ரிமீற்றர் வந்ததும் இழுவை ஒரேயடியாக ஏறும்படி எழுதினேன். இழுத்துப் பார்த்தால் வாளி மாதிரியே இல்லை, நூல் எங்கோ ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

பிறகு கப்பி இன்னும் இருக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றில், கயிற்றுக்கும் வாளிக்கும் நடுவில் மீன்காரர் வைத்திருக்கும் வில் தராசைக் கட்டி இறக்கினேன். தராசு முள்ளைப் பார்க்க ஒரு ஆள், கயிறு இழுக்க ஒரு ஆள். ஒரு கிலோ இரும்பு வாளி, ஆறு லீற்றர் பிடிக்கும். நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரைக்கும் முள் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரத்தை மேலுதைப்பு அப்படியே சாப்பிட்டுவிடுகிறது, மிச்சம் இரும்பு மட்டும்தான். விளிம்பு மேலே தெரிந்ததும் முள் நகரத் தொடங்கி, அடிப்பாகம் வெளியே வரும் வரை ஒரே சீராக ஏறி ஏழுக்கு வந்தது. டக் என்று ஒன்றும் இல்லை. வாளியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கும் மெல்ல மெல்ல ஏறுகிறது. நாற்பது வருடமாகத் தண்ணீர் குடித்த கிணறு, எனக்கு அது தெரியாது.

அதனால் நீங்கள் எதைப் போலியாகச் செய்யப்போகிறீர்களோ, துலாவோ, பட்டத்து நூலோ, தேங்காய் திருவலையோ, முதலில் நிஜத்தை ஒரு தராசாவது வைத்து அளவுங்கள். கையின் ஞாபகம் பொய் சொல்லும்.

புரோகிராம்

சொல்லால் சொல்கிறேன், எழுதுவது கஷ்டமில்லை. ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் ஒரு தடவை, அதாவது செக்கனுக்கு 1000 தடவை, நாலு வேலை நடக்க வேண்டும்: சென்சரை வாசி, நூல் எவ்வளவு வெளியே என்று கணக்குப் பார், அந்த இடத்துக்குரிய இழுவையை முடிவு செய், மோட்டருக்குக் கொடு. கண்ணுக்குச் செக்கனுக்கு 24 படம் காட்டினாலே அசைவாகத் தெரிகிறது, கைக்கு அது போதாது. 1000 என்பது இந்தத் துறையில் வழமையாகப் பின்பற்றும் எண்.

சென்சர் ஒரு சுற்று முடிந்ததும் 4095 இலிருந்து 0 க்குப் பாயும். போன வாசிப்புக்கும் இந்த வாசிப்புக்கும் வித்தியாசம் 2048 ஐ விடக் கூடினால் 4096 ஐக் கழியுங்கள், மைனஸ் 2048 ஐ விடக் குறைந்தால் கூட்டுங்கள், மிச்சத்தை மொத்தத்தோடு சேர்த்துக்கொண்டே போங்கள். சென்சரோடு பேசும் வேகம் சாதாரணமாக 100 கிலோஹேர்ட்ஸ், அதை 400 க்கு மாற்றாவிட்டால் வாசிப்பதற்கே அரை மில்லிசெக்கன் போய்விடும்.

ஆர்டுயினோவில் மோட்டருக்குக் கொடுக்கும் இழுவை 0 முதல் 255 வரை ஒரு எண், 255 என்றால் முழுப் பலம். என் கிணறு இப்படி: நூல் 0 முதல் 40 சென்ரிமீற்றர் வரை 25, வாளி தண்ணீருக்குள். 40 இலிருந்து 48 வரை சீராக 150 க்கு ஏறும். 48 இலிருந்து 90 வரை 150, ஆனால் வாளி ஆடும் என்பதால் ஒன்றரைச் செக்கனுக்கு ஒரு தடவை ஒரு ஏழெட்டுக் கூடிக் குறையும். 90 இல் வாளி கப்பியில் முட்ட வேண்டும். அதற்காகத்தான் 150 உடன் நிறுத்தினேன். முதல் தடவை வாளிக்கே 255 ஐக் கொடுத்துவிட்டு, முட்டுவதற்குக் கையில் ஒன்றும் மிச்சமில்லாமல் முழித்தேன்.

முட்டுவது என்பது ஒரு சுவர். நூல் 90 ஐத் தாண்டி எவ்வளவு வருகிறதோ அதற்கு விகிதசமனாக இழுவையைக் கூட்ட வேண்டும், மாயச் சுருளிவில் ஒன்றை வைத்த மாதிரி. வில்லைக் கடினமாக்கினால் சுவரும் கடினமாகும் என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு இடத்தில் பெட்டி குளவிக் கூடு மாதிரி உறுமும். பயப்பட வேண்டாம், உடையவில்லை. நீங்கள் சுவருக்குள் போய் ஒரு மில்லிசெக்கன் கழித்துத்தான் மோட்டருக்குத் தெரிகிறது, திரும்ப வெளியே வந்ததும் அதே மாதிரி ஒரு மில்லிசெக்கன் பிந்தித்தான் விடுகிறது. அந்தப் பிந்தலில், நீங்கள் உள்ளே போகச் செலவழித்ததை விடக் கூடுதல் சக்தியை மோட்டர் திருப்பித் தந்துவிடுகிறது, அதுதான் நடுக்கமாக வருகிறது. வில்லை இளக்குங்கள், அல்லது தணிப்பு, அதாவது வேகத்துக்கு விகிதசமனான எதிர்ப்பு, கொஞ்சம் சேருங்கள்.

இளக்கினால் சுவர் பஞ்சாகிவிடுமே என்பீர்கள். அதற்கு ஒரு கள்ள வழி இருக்கிறது: 90 ஐத் தொட்ட கணம் 20 மில்லிசெக்கனுக்கு மட்டும் 255 ஐக் கொடுத்துவிட்டு, பிறகு இளகிய வில்லுக்கு விடுங்கள். கைக்கு அது "டொக்" என்று இரும்பில் பட்ட மாதிரி இருக்கும். அரைக் கிலோ இழுவையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. கை எவ்வளவு பாரம் என்று அளப்பதில் கெட்டிக்காரனே இல்லை, எப்போது மாறியது, எவ்வளவு பங்கு மாறியது என்பதைத்தான் பிடிக்கிறது. எர்ன்ஸ்ட் வேபர் என்ற ஜேர்மானியர் 1830 களிலேயே பாரங்களைத் தூக்கவைத்து இதைக் கண்டுபிடித்துவிட்டார். தராசில் ஒன்றுக்கு ஏழு, என் பெட்டியில் ஒன்றுக்கு ஆறு. அந்தப் பங்கு சரியாக, சரியான இடத்தில் வந்தால், ஏழு கிலோ தேவையில்லை.

இரண்டு புத்தி. ஒன்று, இருக்கும் இடத்தைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டு ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை கொம்பியூட்டருக்கு அனுப்பாதீர்கள். செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு எழுத்துக்கே ஒரு மில்லிசெக்கன் போகும். நல்லாயிருந்த சுவர் திடீரென்று உறும, நான் மோட்டரைக் குற்றம் சொல்லி அதைக் கழற்றிப் பூட்டி, இரண்டு நாள் போனது. இரண்டு, 9ஆம் முள்ளின் துடிப்பு சாதாரணமாக 490 ஹேர்ட்ஸ், அது காதுக்கும் கேட்கும், நூலிலும் நுளம்பு மாதிரி ரீங்கரிக்கும். அந்தத் துடிப்பைத் தருவது ஆர்டுயினோவுக்குள் இருக்கும் டைமர் 1 என்ற மணிக்கூடு, அதன் பிரிப்பானை ஒன்றாக்கினால் 31 கிலோஹேர்ட்ஸுக்குப் போய் எல்லாம் அமைதியாகும். 5ஆம், 6ஆம் முட்களில் இதைச் செய்யாதீர்கள், நேரம் எண்ணும் கணக்கே குழம்பிவிடும்.

கவனம்

நூலைப் பாதியில் விட்டுவிட்டால் மோட்டர் முழுப் பலத்தோடு உள்ளே இழுக்கும், கைப்பிடி பறந்து வரும். சின்னப் பிள்ளைகளின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும். நூல் உள்ளே போகும் வேகம் ஒரு அளவைத் தாண்டினால் இழுவையை 25 க்கு இறக்கும்படி கட்டாயம் எழுதுங்கள், அது முடியும் வரைக்கும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்காக 25 ஐயும் எடுத்துவிட வேண்டாம், அந்தச் சின்ன இழுவை எப்போதும் இல்லாவிட்டால் நூல் தொய்ந்து கட்டைக்குள் சிக்கும். பவர் வயரில் ஒரு பியூஸ் போடுங்கள். பிறகு சூடு: சுற்றாமல் நின்றுகொண்டு இழுக்கும் மோட்டருக்கு உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் மாறும். என் முதல் மோட்டர் அப்படித்தான், நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், கைப்பிடியை ஒரு ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன், வரும்போது அறை முழுக்க எரிந்த வார்னிஷ் மணம்.

பெட்டி முடிந்ததும் மருமகளுக்கு வீடியோவில் காட்டியதில் பிரயோசனமில்லை, தொட்டால்தானே. அதனால் சோதித்துப் பார்த்தது அம்மா. கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து கப்பி கழற்றும் வரைக்கும் அந்தக் கிணற்றில் அள்ளியவர். நாலைந்து தடவை இழுத்தார், தலையை ஆட்டினார். பத்தாவது தடவை அளவில் நின்று, "தம்பி, இந்த வாளி ஒழுகுதடா" என்றார்.

நான் சிரித்தேன், புரோகிராமில் ஒழுகல் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா சொல்லி நான் பிழை என்று நிரூபித்தது குறைவு என்பதால், தராசை நூலில் கட்டி அளந்தேன். தொடங்கும்போது இருந்த இழுவையில் கால்வாசி குறைந்திருந்தது. காரணம் அதே சூடுதான். செம்பு ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் தடை கூடும், உள்ளே 50 பாகை ஏறினால் தடை 20 வீதம் கூடி, அதே 12 வோல்ட்டுக்கு மின்னோட்டம் குறையும். காந்தமும் சூட்டில் கொஞ்சம் தளரும். கைக்கு விசையில் ஒரு பத்து வீதம் மாறினாலே தெரியும் என்பார்கள், இது அதற்கு மேலே.

திருத்த வேண்டுமானால் வோல்ட்டை அல்ல, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஏ.சி.எஸ். 712 என்ற சின்னப் பலகையை மோட்டர் வயரில் தொடராக வையுங்கள், 5 அம்பியர் வகை ஒரு அம்பியருக்கு 185 மில்லிவோல்ட் தரும். அதை வாசித்து, மின்னோட்டம் குறைந்தால் எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒன்று இரண்டுக்கு மேல் கூட்டாமல். நூல்கட்டையின் ஆரையைக் கூட்டாதீர்கள், இழுவை போய்விடும். மோட்டரின் முதுகில் பழைய கொம்பியூட்டர் விசிறி ஒன்றைக் கட்டினாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

நான் இரண்டையும் செய்தேன், பிறகு பெட்டியின் பக்கத்தில் ஒரு சுவிட்ச்சும் வைத்தேன். மேலே தட்டினால் நல்ல வாளி. கீழே தட்டினால் 48 ஐத் தாண்டியதிலிருந்து செக்கனுக்கு நாலு நாலாக இழுவை குறைந்துகொண்டு வரும், அது ஓட்டை வாளி. வருகிற ஓகஸ்டில் மருமகள் வரும்போது, எது எது என்று சொல்லாமல் கொடுக்க யோசித்திருக்கிறேன்.